மணலுள் மறைந்து வாழும் பாம்பு விலாங்கு

‘பாம்பென்றாற் படையும் நடுங்கும்’ என்பது நம்மவர் வழக்கு. அவ்வச்சத்தினாற் பாம்பல்லாத உயிர்களும் பாம்பெனக் கருதப்படுவதுண்டு. அவற்றுள் ஒன்று, வெப்பவலயக் கடல்களின் மணற்றரையிற் புதைந்து வாழும் பாம்பு விலாங்கு ஆகும். உருவத்தாற் பாம்பை ஒத்திருப்பினும் இது மீனே. அதன் உடலமைப்பையும், அவ்வொப்புமையால் அதற்கு விளையும் நன்மை தீமைகளையும் ஈண்டு நோக்குவாம்.

பாம்பு விலாங்குகள் ஒபிக்திடே என்னும் குடும்பத்தைச் சார்ந்தவை. இதில் முந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் உள. சில ஒரு சாணளவே நீளமுடையன. சில ஒரு மீற்றரையும் விஞ்சுவன.

மணலைத் துளைத்தற்கு இவற்றுட் பலவற்றிற்கு வாலே கருவி. பெரும்பாலான மீன்களின் வால் முடிவில் விசிறி போன்ற துடுப்பு உண்டு. இவற்றிலோ அத்துடுப்பு இல்லை. வால்நுனி கூரிய, கடினமான முளையாக அமைந்துள்ளது. அதனை மணலிற் குத்தி, உடலை நெளித்து, வால் முன்னும் தலை பின்னுமாக இவை உள்ளிறங்கும். நெல்வயல்களிலுங் காணப்படும் பிசோடொனோபிசு போரோ என்னும் இனம் தலையாலும் வாலாலும் புதைய வல்லது. அதன் வால்நுனி என்புகள் ஒன்றோடொன்று இணைந்து விறைப்புற்றிருத்தலை 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று விளக்கிற்று.

புதைந்த மீன் தலையை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். அதன் தொண்டையின் அடிப்புறத்தில் மெல்லிய என்புக் கம்பிகள் பல ஒன்றன்மேலொன்று படிந்து, கூடைபோலச் செவுளறையைத் தாங்குகின்றன. குழாய் போன்ற முன்மூக்குத் துளைகள் இரையின் மணத்தை உணர உதவுவன. நண்டு, இறால், சிறுமீன் முதலியன இதன் உணவு.

1781இற் பொடார்ட் என்பவரால் விவரிக்கப்பட்ட மிரிக்திசு கொலுபிரினசு என்னும் இனம் வெண்ணிற உடலிற் கருவளையங்கள் உடையது. இக்கோலம் நஞ்சுடைய கடற்பாம்பொன்றின் கோலத்தை ஒத்தது. அதனாற் பகைமீன்கள் இதனை அணுக அஞ்சும் என விலங்கியலார் கருதுவர். ஆயின் பகைவரிடமிருந்து காக்கும் அக்கோலமே, வலையில் அகப்பட்டவிடத்து மனிதன் கையில் இதற்குக் கேடாய் முடிதல் கூடும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தல் அரிதன்று. கடற்பாம்பின் வால் துடுப்பைப் போலத் தட்டையானது; அதன் உடலிற் செதில்கள் உண்டு; மூச்சுவிட அது நீர்மட்டத்திற்கு வந்தேயாகவேண்டும். பாம்பு விலாங்கின் வால் கூரியது. உடலிற் செதில் இல்லை. தலைக்குப் பின்னே செவுட்டுளைகள் உண்டு. அது நீரிலேயே சுவாசிக்கும். எனினும் ஐயமுற்றவிடத்துத் தீண்டாது விலகுதலே அறிவுடைமை.

தோற்றத்தால் மயங்கினோர் பாமரர் மட்டுமல்லர். விலாங்குகளின் குடம்பி கண்ணாடி போலத் தெளிந்து, இலைபோலத் தட்டையானது; தாயை ஒவ்வாதது. ஐரோப்பிய விலாங்கின் குடம்பியை 1856இற் கௌப் என்னும் அறிஞர் தனியொரு மீனினமாகக் கருதிப் பெயரிட்டார். அது விலாங்கின் இளம்பருவமே என 1896இல் இத்தாலிய அறிஞர் கிராசியும் கலன்றுச்சியோவும் நிறுவினர். நாற்பதாண்டு நிலைத்த மயக்கத்தைப் பொறுமையான நோக்கே நீக்கிற்று. மணலுள் ஒளிந்து வாழும் இவ்வெளிய உயிரையும் அவ்வாறே நோக்குவோமாயின், அச்சம் அகன்று அறிவு தோன்றும்.