தேயிலைச் சக்கையும் துணிச் சித்திரமும்



பிள்ளையின் வெள்ளைப் பாடசாலைச் சட்டையில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டால் வீட்டில் ஒரு சண்டையே நடக்கும். சவுக்காரம் போட்டு எத்தனை தரம் கசக்கினாலும் மண்ணிறமாக ஒரு வட்டம் அப்படியே நிற்கும். அதே நேரம், சந்தையில் ஆசையோடு வாங்கிய சிவப்புச் சேலை நாலு கழுவலில் வெளிறிப் போகும். வேண்டாத நிறம் போக மாட்டேன் என்கிறது, வேண்டிய நிறம் நிற்க மாட்டேன் என்கிறது. ஏன் இப்படி?

தையல் வகுப்புக்கு வரும் அக்காமாரும் தங்கச்சிமாரும் துணியில் சாயமிடுவது, படம் வரைவது, பற்றிக் செய்வது பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். "அதுக்கு நிறையக் காசு வேணுமே, மருந்து வேணுமே" என்று தாங்களே முடிவும் கட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. இந்தக் கலையின் முதல் பாடத்துக்கு வேண்டிய பொருள் நம் எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறோம்.

துவர்ப்புதான் மூலம்

வாழைக்காயை இரும்புக் கத்தியால் வெட்டிப் பாருங்க. கொஞ்ச நேரத்தில் கத்தியும் கருக்கும், கையும் கருக்கும். வாழைக்காய், கடுக்காய், பாக்கு, மாதுளம் தோல், தேயிலை எல்லாவற்றிலும் ஒரே குணம் ஒன்று உண்டு. நாக்கில் வைத்தால் துவர்க்கும். அந்தத் துவர்ப்பைத் தருகிற பொருளைத் தனின் என்று சொல்வார்கள்.

தனின் இரண்டு வேலை செய்யும். ஒன்று, பருத்தி நூலில் போய் ஒட்டிக்கொள்ளும். சட்டையில் தேத்தண்ணிக் கறை போகாததன் காரணம் இதுதான். இரண்டு, இரும்பு, சீனாக்காரம் போன்ற பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பைப் பிடித்தால் கறுப்பாகும். சீனாக்காரத்தைப் பிடித்தால், பின்னர் போடுகிற சாயத்தை அது துணியோடு சேர்த்துக் கட்டிவிடும். வெறும் துணிக்குச் சாயத்தைக் கட்டிப் பிடிக்கத் தெரியாது. நடுவில் நின்று இரண்டையும் இணைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இந்தத் துவர்ப்பு.

கடற்கரை மக்களுக்கும் இது தெரிந்த விஷயம். மட்டக்களப்பில் இருந்து திருகோணமலைக்குப் போகும் கரையோர வீதியில், பனிச்சங்கேணியையும் வாகரையையும் தாண்டினால் கதிரவெளி வரும். கடலும் வாவியும் கண்டல் மரமும் உள்ள பகுதி அது. இப்படிப்பட்ட வாவிக்கரைகளில் நைலோன் வலை வருவதற்கு முன்பு பருத்தி நூல் வலைதான். உப்புத் தண்ணீரில் பருத்தி சீக்கிரம் உக்கிப் போகும். அதனால் கண்டல் பட்டையை அவித்து, அந்தச் சிவந்த தண்ணீரில் வலையைத் தோய்த்துக் காயவைத்தார்கள். வலைக்கு நிறமும் வந்தது, ஆயுளும் கூடியது. கண்டல் பட்டையில் இருப்பதும் தனின்தான். (இன்று யாரும் அதற்காகக் கண்டல் மரத்தின் பட்டையை உரிக்க வேண்டாம். கரையைக் காப்பதும் மீன் குஞ்சுக்கு இடம் கொடுப்பதும் அந்த மரந்தான்.) கடற்கரைக்குக் கண்டல் பட்டை, மலைக்குத் தேயிலை. வேலை ஒன்றே.

மன்னாரில் இருந்து மாத்தளை வரை

நம் முன்னோர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். அவர்கள் வந்து 200 வருடமானதை நினைத்து 2023 இல் அதே பாதையில் நடைபவனியும் நடந்தது. அந்தப் பாதையின் இரண்டு முனையிலும் சாயத்தின் கதை இருக்கிறது.

முதல் முனை மன்னார். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலத்தில் சாயவேர் என்று ஒரு சின்னச் செடி முளைக்கும். அதன் மெல்லிய வேரில்தான் நல்ல சிவப்பு இருக்கிறது. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், வேர் தோண்டுவதற்கென்றே ஒரு பிரிவு மக்கள் ஒதுக்கப்பட்டு, தோண்டிய வேரைக் கம்பனிக்குக் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். பாடுபட்டவர் ஒருவர், பலன் கண்டவர் வேறொருவர். இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 1868 இல் ஜேர்மனியில் இரண்டு விஞ்ஞானிகள் இதே வகைச் சிவப்பை ஆய்வுகூடத்திலேயே செய்துவிட்டார்கள். தொழிற்சாலைச் சாயம் வரவும் சாயவேரின் மதிப்பு விழுந்தது. அதற்கு முந்தின வருடம், 1867 இல்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார்.

சாயவேரை வைத்துத் துணியில் சித்திரம் வரைந்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் இருந்தார்கள். அந்த வேலைக்குக் கலம்காரி என்று பெயர். கலம் என்றால் பேனா. மூங்கில் குச்சியைச் சீவி, அதில் துணியோ கம்பளி நூலோ சுற்றிச் சாயத்தில் தொட்டு வரைவார்கள். தேர்த் திருவிழாவில் தேரைச் சுற்றி உருளையாகத் தொங்குமே, தொம்பை, அது அவர்கள் கைவேலைதான். தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் இந்த வேலை நடக்கிறது. கருப்பூர் கலம்காரிக்கு 2021 இல் இந்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அவர்களின் முறையைக் கவனியுங்க. முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காய் துவர்ப்பைக் கொடுக்கும். பாலில் உள்ள கொழுப்பு, வரைகிற கோடு பரவாமல் தடுக்கும். பிறகு கறள் பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்த தண்ணீரால் கோடு இழுப்பார்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த இடத்தில் கோடு கறுத்துவிடும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் சீனாக்காரத் தண்ணீரைப் பூசி, பின்னர் சாயவேரோடு அவிப்பார்கள். சீனாக்காரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும்.

பாதையின் மறுமுனை மாத்தளை. அங்கே அலுவிகாரையில் பிறந்தவர் எனா டி சில்வா (1922-2015). இலங்கையில் பற்றிக் வேலைக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். பற்றிக் கலையின் தாய்வீடு ஜாவா. இந்தோனேசிய பற்றிக்கை 2009 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கலம்காரிக்கு நேர்மாறான வழி இது. நிறம் வேண்டாத இடத்தில் உருக்கிய மெழுகைப் பூசிவிட்டுத் துணியைச் சாயத்தில் போடுவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு என்று இளநிறத்தில் இருந்து கடுநிறத்துக்குப் போவார்கள். ஒவ்வொரு முறையும் காக்க வேண்டிய நிறத்தின் மேல் மெழுகு பூச வேண்டும். முடிந்ததும் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றுவார்கள்.

எனா டி சில்வா இதைச் சேலையோடும் சாறத்தோடும் நிறுத்தவில்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரைத்தட்டுக்குப் பற்றிக் துணி செய்து கொடுத்தார். பின்னர் 1980களில் அலுவிகாரைக்கே திரும்பி, கிராமத்துப் பெண்களுக்குப் பற்றிக்கும் தையல் சித்திரமும் தொழிலாக அமைத்துக் கொடுத்தார். இடுப்பில் கட்டுகிற துணி ஒரு மண்டபத்தின் கூரைச் சித்திரமாகலாம் என்று காட்டியவர் அவர்.

வீட்டில் செய்து பார்க்க

இனி நம் பங்குக்கு வருவோம். கடுக்காய்க்குப் பதில் தேயிலைச் சக்கை.

1. வெள்ளைப் பருத்தித் துணி அரை மீற்றர் எடுங்க. பருத்திதானா என்று பார்க்க ஒரு நூலைப் பிடுங்கி எரியுங்க. கடதாசி போல எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி மணி போல உறைந்தால் பொலியெஸ்டர், அது வேண்டாம். துணியைச் சவுக்காரத்தில் அவித்துக் கஞ்சிப் பசை போக அலசுங்க.

2. ஒரு கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி கறள் ஆணி போட்டு, பாதி வினாகிரி, பாதி தண்ணீர் ஊற்றி இரண்டு கிழமை வையுங்க. மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே காற்று உண்டாகும். மேலே எழுதி ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்க. இதுதான் இரும்புத் தண்ணீர்.

3. குடித்து முடிந்த தேயிலைச் சக்கையைத் தினமும் காயவைத்துச் சேருங்க. நாலு சுண்டுச் சக்கையை நாலு லீற்றர் தண்ணீரில் ஒரு மணி நேரம் அவித்து வடியுங்க. துணியை அதில் ஓர் இரவு ஊறவிட்டு நிழலில் காயவையுங்க.

4. இரும்புத் தண்ணீரில் கொஞ்சம் கெட்டிக் கஞ்சி கலந்து, தூரிகையாலோ ஈர்க்காலோ வரையுங்க. கஞ்சி கோட்டைப் பரவவிடாது. போட்டவுடன் சாம்பல் நிறமாகத் தெரியும். காற்றுப் பட்டதும் கறுக்கும்.

5. ஒரு நாள் காயவிட்டு, நிறையத் தண்ணீரில் அலசுங்க. இதில் சோம்பல் கூடாது. தங்கிப்போன இரும்பு வருடக்கணக்கில் துணியை அரித்து ஓட்டையாக்கும்.

மஞ்சள் நிறம் வேண்டுமானால் பலாமரத் தூளை அவியுங்க. பிக்குமாரின் காவியுடைக்குப் பலாமரத்தின் வைரத்தில்தான் முற்காலத்தில் நிறம் ஏற்றினார்கள். துணியை முதலில் சீனாக்காரத் தண்ணீரில் ஊறவைத்தால் நிறம் நிற்கும். சமையல் மஞ்சள் பார்க்க அழகு, ஆனால் வெயிலில் ஓடிவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். சக்கை நம் கேத்தலில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும். தொழிற்சாலைக் கழிவுத் தேயிலைக்குத் தனிச் சட்டம் உண்டு, அதில் கை வைக்க வேண்டாம். கவ்வாத்து வெட்டிய முற்றின இலையிலும் துவர்ப்பு இருக்கிறது. கணக்கப்பிள்ளையிடம் கேட்டு எடுத்தால் ஒருவருக்கும் பிரச்சினையில்லை.

கவனம், கவனம்

மெழுகு விஷயத்தில் விளையாட்டே கூடாது. மெழுகுச் சட்டியை நேரே நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்க. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் நெருப்புச் சீறி எழும்பும். மூடியால் மூடி, அடுப்பை அணையுங்க. லயக் காம்பராவுக்குள் மெழுகு வேலை வேண்டவே வேண்டாம். ஒரு காம்பராவில் பற்றினால் ஒரே கூரையின் கீழ் உள்ள அத்தனை குடும்பத்துக்கும் ஆபத்து. வெளியில், காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளைத் தள்ளி வைத்துச் செய்யுங்க.

கடையில் பெயரில்லாமல் பொட்டலம் கட்டி விற்கும் சாயத்தூளை வாங்க வேண்டாம். சிலவகைச் சாயத்தில் இருந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள் வெளிவரும் என்று ஐரோப்பிய நாடுகள் 2002 இல் அவற்றைத் தடுத்தன. சில சாயத்துக்குக் கோஸ்டிக் சோடா வேண்டும், அது கையையும் கண்ணையும் எரித்துவிடும். கையுறை இல்லாமல் தொடாதீங்க. சாயச் சட்டி வேறு, சோற்றுச் சட்டி வேறு. சாயத் தண்ணீரைப் பீலிக்கரையில் ஊற்றவும் வேண்டாம், மெழுகைக் கானில் விடவும் வேண்டாம்.

விற்பதற்கு முன்

உங்கள் துணியை வாங்குகிறவர் முதல் கழுவலிலேயே உங்களுக்குப் புள்ளி போட்டுவிடுவார். ஆகவே நாமே முதலில் சோதிப்போம். சாயத்துணியில் ஒரு துண்டை வெள்ளைத் துண்டோடு சேர்த்துத் தைத்து, சவுக்காரம் போட்டு ஐந்து தரம் கழுவுங்க. வெள்ளையில் நிறம் இறங்கினால் அது விற்கிற சரக்கல்ல. இன்னொரு துண்டில் பாதியை அட்டையால் மூடி இரண்டு கிழமை வெயிலில் போடுங்க. இரண்டு பாதியும் ஒன்றாக இருந்தால் நிறம் தேறிவிட்டது.

விலை போடும்போது துணி, மெழுகு, விறகு எல்லாவற்றையும் எழுதுங்க. நீங்கள் செலவழித்த மணித்தியாலத்தையும் எழுதுங்க. பெரும்பாலான பெண்கள் இந்தக் கடைசிக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். மலையில் கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுவது என்ன வேதனை என்று நமக்குத் தெரியும். உங்கள் கைவேலைக்கு நீங்களே அரைப் பேர் போட்டுக்கொள்ள வேண்டாம்.

என்ன வரையலாம்? யானையும் மயிலும் வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கொழுந்துக் கூடை, தப்பு, பீலி, பிரட்டுக்களத்தில் நிற்கும் கூட்டம், காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் ஆடும் ஆட்டம், இதையெல்லாம் நம்மைப் போல அறிந்து வரைய யார் இருக்கிறார்கள்? கலம்காரிக்காரர்கள் புராணக் கதையைத் துணியில் எழுதினார்கள். நம் கதையைத் தேயிலைச் சாயத்தாலேயே எழுதினால் அது கைத்தொழிலாகவும் இருக்கும், சரித்திரமாகவும் இருக்கும்.

இன்றே சக்கையைச் சேர்க்கத் தொடங்குங்க. கைக்குட்டை அளவு துண்டில் முதல் முயற்சி போதும். கழுவலிலும் வெயிலிலும் தேறிய துண்டுகளைப் பிள்ளைக் காம்பராவில் கொண்டுவந்து காட்டுங்க. எந்தத் தோட்டத்துத் தேயிலை எந்த நிறம் தருகிறது, எத்தனை நாள் ஊறவைத்தது என்று ஒவ்வொரு துண்டிலும் எழுதி ஒட்டுவோம். அந்தத் துண்டுகளே அடுத்து வருகிற தங்கச்சிமாருக்குப் பாடப் புத்தகமாக இருக்கும்.