கியர்பாக்ஸ் போச்சு என்று சொன்னால்…

என் சித்தப்பாவின் கார் பதினான்கு வருடப் பழசு. மூட்டுவலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல், செகண்ட் ஹேண்டில் தேடி வாங்கிய ஆட்டோமேட்டிக். ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது வண்டி குலுங்கிக் குலுங்கி இழுத்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு சார், ஒன்றரை லட்சம் ஆகும்" என்றார்கள். நகையை அடகு வைப்பதுவரை யோசித்துவிட்டார். நான் அவரை வேறொரு மெக்கானிக்கிடம் அழைத்துப் போனேன். அவர் ஸ்கேனரைச் செருகியதும் பி 0303 என்று வந்தது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி ஒன்றாவது சிலிண்டரில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். இப்போது பி 0301. காயில் போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போனது. நாலாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: கியர்பாக்ஸைக் கழற்றச் சம்மதிக்கும் முன், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

எஞ்சின் கோளாறு கியர்பாக்ஸ் கோளாறுபோலத் தெரிவதற்குக் காரணம் உண்டு. எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதை, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தீர்கள், எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது, வண்டியின் வேகம் என்ன என்பதையெல்லாம் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. த்ராட்டில் சென்சார் தப்பான கணக்குச் சொன்னால் கியர் தப்பான நேரத்தில்தான் விழும். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் சரியாகச் சூடேறாது. பல வண்டிகளில் மேல் கியர் விழத் தாமதமாகும். எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தால் டி-யில் போட்டதும் 'டொக்' என்று இடிக்கும். பேட்டரி தளர்ந்தாலோ எர்த் வயர் துருப்பிடித்தாலோ கியர்பாக்ஸின் சோலனாய்டுகள் கிறுக்குத்தனம் செய்யும். இவை எதற்கும் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் உண்மையிலேயே கியர்பாக்ஸ் கெட்டால் எப்படித் தெரியும்? மிதிக்க மிதிக்க ஆர்பிஎம் முள் மேலே ஏறும், வண்டி வேகம் எடுக்காது. அது ஸ்லிப். நின்ற வண்டியை டி-க்கோ ரிவர்ஸுக்கோ மாற்றினால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடிக்கும். ஒரே கியரில் சிக்கிக்கொண்டு, எவ்வளவு மிதித்தாலும் மந்தமாகவே ஓடும். மேலும் சேதமாகாமல் இருக்க வண்டி தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் நிலை அது. டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளில் சீரான வேகத்தில் போகும்போது, சாலையில் வரிசையாகப் போட்ட சிறு வேகத்தடைகள்மேல் ஓடுவதுபோல ஒரு நடுக்கம் வரும். மிஸ்ஸிங்கிலும் ஏறக்குறைய இதே நடுக்கம்தான். அனுபவசாலிகளே ஏமாறும் இடம் இது. ஸ்கேனர் இல்லாமல் தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஸ்கேனரில் பி 0700 மட்டும் வந்தாலும் போதாது. "என்னிடம் ஏதோ பிழை பதிவாகியிருக்கிறது" என்று கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் தகவல் அது. என்ன பிழை என்று உள்ளே போய்ப் படிக்க வேண்டும்.

ஸ்கேனருக்கு முன்னால் ஆயிலைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் ஆயில் புதிதில் சிவப்பாக இருக்கும். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. மோர் கலந்ததுபோல வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் தண்ணீரோ கூலண்டோ கலந்துவிட்டது. அந்த வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். அளவு பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி வேறு. சிலவற்றில் எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும், சிலவற்றில் அணைத்த உடனே. சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். சிவிடி என்னும் வேறு வகை ஆட்டோமேட்டிக் வண்டிக்குச் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றி கியர்பாக்ஸைக் கொன்றவர்கள் உண்டு. எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்பது பில்லில் பெயரோடு இருக்கட்டும்.

2014-இல் செலெரியோ காரோடு நம் ஊருக்கு வந்த ஏஎம்டி என்னும் ஆட்டோமேட்டிக் தனி ரகம். அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியர் போடுவதும் இயந்திரம். கியர் மாறும்போது தலை லேசாக ஆடுவது அதன் சுபாவம். அதில் கோளாறு என்றால் கிளட்ச் தேய்ந்ததா, கிளட்சை இயக்கும் ஆக்சுவேட்டர் பழுதா என்று முதலில் கேளுங்கள். முழு கியர்பாக்ஸ் என்ற பேச்சு கடைசியில் வரட்டும்.

ஸ்லிப் ஆகும் வண்டியோடு ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ ஏறாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் இழுவை விட்டுப்போனால் பின்னால் பஸ் இருக்கும். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் சுற்றாது. சக்கரம் உருள உருள உள்ளே வறண்டு தேயும். வண்டியை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட்டைக் கேளுங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போதே வண்டியைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் வருமுன் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை என்பதாலும் நிம்மதி வேண்டாம். காலையில்தான் பிழைகளை அழித்திருக்கலாம். ஸ்கேனரில் 'ரெடினெஸ்' என்ற பக்கத்தில் சோதனைகள் முடியவில்லை என்று வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. கியர்பாக்ஸின் காற்றுத்துளை வழியே தண்ணீர் போனால் கிளட்ச் தகடுகளின் பசை மெல்ல மெல்ல விட்டுப்போகும். மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுங்கள். எஸ்டிமேட் எழுத்தில் வேண்டும். அதற்கு மேல் செலவானால் கேட்டுவிட்டே செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். பில் தர மறுப்பதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது.

ஏமாற்றப்பட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். ஒர்க்‌ஷாப் வெளியூரில் இருந்தாலும் சரி. வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிழைப்புக்காகச் சொந்த டாக்ஸி ஓட்டுபவரும் நுகர்வோர்தான். பழைய கார் விற்பனையையே தொழிலாகச் செய்பவர்மீது இந்தச் சட்டத்தில் போகலாம்; தன் ஒரே காரை விற்ற தனிமனிதர்மீது இந்த வழி கிடையாது, சிவில் நீதிமன்றமோ போலீஸோதான். அதனால்தான் தனியாரிடம் வாங்கும்போது, வெள்ளத்தில் மூழ்காத வண்டி, கியர்பாக்ஸ் பிரிக்கப்படாத வண்டி என்று கையெழுத்தோடு எழுதி வாங்கச் சொல்கிறேன்.

புகார் செய்ய இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் கோபத்தில் வண்டியை வேறு இடத்தில் கொடுத்து உடனே பிரித்துவிடாதீர்கள். பிரிக்கும் முன் இரண்டாவது மெக்கானிக்கிடம், வண்டி எந்த நிலையில் வந்தது, ஸ்கேனரில் என்ன காட்டியது, ஆயில் எப்படி இருந்தது என்று தேதி போட்டு எழுதி வாங்குங்கள். பிரிக்கும்போது பக்கத்தில் நின்று வீடியோ எடுங்கள்.