பல்லினச் செயலிகளில் பணி அட்டவணையிடல்

பல்லினச் செயலிகளில் பணி அட்டவணையிடல் என்பது, வேகத்திலும் நினைவக அளவிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட செயலிகளைக் கொண்ட கணினியிலோ கணினித் தொகுதியிலோ, எந்தப் பணியை எந்தச் செயலி எப்பொழுது செய்யவேண்டும் என்று தீர்மானிப்பதாகும். எல்லாப் பணிகளும் முடிய எடுக்கும் மொத்த நேரத்தைக் குறைப்பதே இதன் பொதுவான நோக்கம். கைப்பேசிகளில் மின்கலத்தின் ஆற்றலைச் சேமிப்பதும் அதே அளவு முக்கியமானது.

செயலிகள் அனைத்தும் ஒரே மாதிரி இருந்தால் எளிய விதியே ஓரளவு போதும். ஓய்வாக இருக்கும் செயலிக்கு அடுத்த பணியைக் கொடுப்பது அவ்விதி. இவ்வாறு செய்தால் ஆகும் நேரம், மிகச் சிறந்த அட்டவணையின் நேரத்தைப்போல் இரு மடங்கை எட்டாது என 1966 இல் ரொனால்ட் கிரகாம் நிறுவினார். செயலிகள் வேறுபடும்போது இந்த உறுதி குலைந்துவிடுகிறது. விரைவுச் செயலியில் 1 நொடியும் மெதுவான செயலியில் 100 நொடியும் எடுக்கும் பணிகள் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். இரண்டாவது பணியை, ஓய்வாக இருக்கிறது என்பதற்காக மெதுவான செயலிக்குக் கொடுத்தால் 100 நொடிகள் ஆகும். விரைவுச் செயலியிலேயே காத்திருக்க வைத்தால் 2 நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

நினைவகத்தால் வரும் சிக்கல்

செயலி 1 விரைவானது, அதற்கு 4 கிகாபைட் நினைவகம் உண்டு. செயலி 2 அதன் பாதி வேகமே உடையது, ஆனால் 16 கிகாபைட் நினைவகம் கொண்டது. அ, ஆ ஆகிய பணிகளுக்குத் தலா 1 கிகாபைட் போதும். அவை செயலி 1 இல் 4 நொடியும் செயலி 2 இல் 8 நொடியும் எடுக்கும். இ என்னும் பணிக்கு 10 கிகாபைட் தேவை. எனவே அது செயலி 2 இல் மட்டுமே இயங்கும், 12 நொடி எடுக்கும்.

அ, ஆ, இ என்ற வரிசையில் ஓய்வான செயலிக்குக் கொடுத்துக்கொண்டே போனால், ஆ செயலி 2 இல் அமர்ந்துவிடும். இ 8 ஆவது நொடியில்தான் தொடங்கும், 20 ஆவது நொடியில் முடியும். மாறாக, இ-யை முதலிலேயே செயலி 2 இல் தொடங்கி, மற்ற இரண்டையும் செயலி 1 இல் அடுத்தடுத்துச் செய்தால் அனைத்தும் 12 நொடிகளில் முடியும். ஆவுக்கு இரு செயலிகளிலும் முடிவு நேரம் 8 ஆவது நொடிதான் என்பதைக் கவனிக்கவேண்டும். நேரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே; பின்னால் வரும் பணியின் நினைவகத் தேவையை அறிந்தவருக்கே வேறுபாடு புலப்படும். இ-யை 4 கிகாபைட்டுக்குள் திணிக்க முயன்றால் தரவு வட்டுக்குப் போய்வர வேண்டியிருக்கும். வட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது என்பதால் செயலியின் வேகத்தால் பயனில்லாமற் போகும்.

படிமுறைத் தீர்வுகள்

இச்சிக்கலுக்கு மிகச் சிறந்த விடையை விரைவாகக் காணும் பொதுவழி எதுவும் அறியப்படவில்லை. இது என்பி-கடினமான சிக்கல்களில் ஒன்று. ஒன்றையொன்று சாராத பணிகளுக்கு, சிறந்த நேரத்தின் இரு மடங்கைத் தாண்டாத விடையைத் தரும் முறையை லென்ஸ்ட்ரா, ஷ்மோய்ஸ், டார்டோஸ் ஆகியோர் 1990 இல் வெளியிட்டனர். ஒன்றரை மடங்கைவிடக் குறைவான உறுதியைத் தரவல்ல விரைவான முறை இருக்கமுடியாது (பி, என்பி ஆகிய வகுப்புகள் ஒன்றாக இருந்தாலொழிய) என்பதையும் அவர்களே காட்டினர்.

ஒரு பணியின் விளைவு இன்னொன்றுக்கு உள்ளீடாகும்போது, பணிகளைச் சுழற்சியற்ற திசைக் கோட்டுருவாக வரைவர். இதற்குப் பெரிதும் பயன்படுவது டொப்சுவோலு, ஹரீரி, வூ ஆகியோர் 2002 இல் விளக்கிய ஹெஃப்ட் முறை. ஒவ்வொரு பணியிலிருந்தும் கடைசிப் பணிவரை செல்லும் பாதைகளில் மிக நீண்டதன் நீளத்தை, செயலிகளின் சராசரி நேரத்தையும் தரவு அனுப்பும் நேரத்தையும் கூட்டிக் கணிப்பர். நீளம் மிகுந்த பணி முதலில் எடுக்கப்பட்டு, அது எந்தச் செயலியில் மிக முன்னதாக முடியுமோ அங்கே வைக்கப்படும். இங்கு விரைவுச் செயலியே எப்போதும் வெல்வதில்லை. தரவு ஏற்கனவே மெதுவான செயலியிடம் இருந்து, அங்கே வேலை 8 நொடியில் முடியுமானால், தரவை அனுப்ப 6 நொடியும் கணிக்க 4 நொடியும் ஆகும் விரைவுச் செயலி தோற்றுவிடும். எனினும் ஹெஃப்ட் நினைவகத்தின் எல்லையைக் கணக்கில் கொள்வதில்லை. நடைமுறையில் இது சிறு குறையன்று.

கைப்பேசிகளில்

பெரிய, சிறிய கருக்களை ஒரே சில்லில் இணைக்கும் பிக்.லிட்டில் அமைப்பை ஆர்ம் நிறுவனம் 2011 இல் அறிவித்தது. 2013 இல் வந்த சாம்சங்கின் எக்சினோஸ் 5410 சில்லில் எட்டுக் கருக்கள் இருந்தும், ஒரே நேரத்தில் பெரிய நான்கோ சிறிய நான்கோதான் இயங்கின. கருக்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் முறைகள் பின்னர் வந்தன. 2019 இல் வெளியான லினக்ஸ் கருனி 5.0, ஆற்றலறிந்து அட்டவணையிடும் முறையைச் சேர்த்துக்கொண்டது. மிக வலிய கருவின் திறனை 1024 எனக் கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு அளக்கும் இம்முறை, விழித்தெழும் பணியை எந்தக் கருவில் வைத்தால் ஆற்றல் மிகக் குறைவாகச் செலவாகும் என மதிப்பிட்டு அங்கே வைக்கிறது. கருக்களின் சுமை மிகும்போது இக்கணக்கு கைவிடப்பட்டு, வழக்கமான சுமைப் பங்கீட்டு முறை மீண்டும் நடைமுறைக்கு வருகிறது.