வெள்ளி எந்தக் கூட்டம்?

நுகேகொடையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்திற் செல்லும் மாணவர் சிலர், கைப்பேசியிலே சொற்களைக் கூட்டிக் கலைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை 2023ஆம் ஆண்டு தொடங்கிய 'கனெக்ஷன்ஸ்' என்னும் நாட்புதிர் அது. 16 சொற்களை நந்நான்காகப் பிரித்தல் வேண்டும். நான்காவது பிழையோடு ஆட்டம் முடிந்துவிடும்.

தமிழில் எட்டுச் சொற்கொண்டு பார்ப்போம்: பொன், திங்கள், வெள்ளி, செம்பு, புதன், இரும்பு, செவ்வாய், வியாழன். வார நாட்கள் ஐந்து தோன்றுகின்றன. எஞ்சும் உலோகமோ மூன்றே. ஆகவே வெள்ளியை உலோகத்தோடு சேர்ப்பதே முறை. எளிதாகத் தோன்றும் கூட்டத்தை முதலிற் பிடிப்பவன் இங்கேதான் இடறுவான்.

இந்நுட்பம் நமக்குப் புதிதன்று. திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லின் பல பொருளைக் கூறும். பன்னிரண்டாம் தொகுதி பல பொருளை ஒரு பெயரில் அடக்கும். முன்னது பொறி, பின்னது விடை! அதே பன்னிரு தொகுதி அமைப்புடைய சூடாமணி நிகண்டை ஆறுமுக நாவலர் 1849இல் உரையோடு பதிப்பித்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை மனனஞ் செய்தனர். இன்று என் வகுப்பில் 'மா' என்றால் மாம்பழமும் அரிசிமாவுமே விடையாக வருகின்றன. விலங்கு, குதிரை, நிலவளவு என்னும் பொருள்கள் எவர்க்கும் எட்டுவதில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே அறிந்தவர், ஆங்கிலப் புதிரை விடுவித்தாலும் தமிழ்ப் புதிரில் திகைப்பர்.

இன்றிரவு வீட்டாரோடு இவற்றை இரு கூட்டமாக்கிப் பாருங்கள்: ஆல், பரி, அரசு, மா, புரவி, வேம்பு, இவுளி, புன்னை.