வாக்குச்சீட்டில் பிறந்த சட்டங்கள் – 7: பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் வரி

கலிஃபோர்னியாவில், சன்னிவேலிலோ ஃப்ரீமான்டிலோ வீடு வாங்கிய நம்மூர்ப் பிள்ளைகள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வீட்டின் விலையைச் சொல்லிப் பெருமூச்சு விட்ட கையோடு சொத்து வரிக்கு வருவார்கள். தொகையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதே தெருவில், அதே மாதிரி வீட்டில் நாற்பது வருஷமாக இருப்பவர் அதில் பத்தில் ஒரு பங்குதான் கட்டுகிறார் என்று தெரியும்போது வயிறு எரியத்தான் செய்யும்.

இந்த விசித்திரம் பிறந்த நாள் 1978 ஜூன் 6. அன்று கலிஃபோர்னிய வாக்காளர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் 'புரொபசிஷன் 13' என்ற மக்கள் முன்மொழிவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள்.

கதை லஞ்சத்தில் தொடங்குகிறது. 1960-களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் சொத்து மதிப்பீட்டு அதிகாரி லஞ்ச வழக்கில் தண்டிக்கப்பட்டார். இனி எல்லாச் சொத்துக்கும் சந்தை விலையை ஒட்டி ஒரே விகிதத்தில் மதிப்புப் போட வேண்டும் என்று 1966-இல் சட்டம் வந்தது. நியாயமான சட்டம்தான். ஆனால் அதுவரை அதிகாரிகள் சத்தமில்லாமல் குடியிருப்பு வீடுகளுக்குக் குறைத்துப் போட்டுவந்த மதிப்பும் அதோடு போயிற்று. அடுத்த பத்தாண்டில் வீட்டு விலை ஏற ஏற, வரியும் கூடவே ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த கிழவிக்கு வீட்டு விலை ஏறியதால் கையில் ஒரு டாலர்கூடக் கூடவில்லை. வரிச்சீட்டு மட்டும் இரட்டிப்பாகி வந்தது. மாநிலக் கஜானாவிலோ சுமார் 500 கோடி டாலர் உபரி. சட்டமன்றம் பேசிக்கொண்டே இருந்தது.

அந்தக் கோபத்தை வாக்கெடுப்பு கோரும் கையெழுத்தாக மாற்றியவர்கள் ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இரண்டு முதியவர்கள். ஜார்விஸுக்கு அப்போது வயது 74. லாஸ் ஏஞ்சலஸ் அடுக்ககச் சொந்தக்காரர்கள் சங்கத்தின் ஆள் அவர் என்பதை மறக்கக் கூடாது. வெற்றிக்குப் பிறகு நட்சத்திரமே ஆகிவிட்டார். 1980-இல் வந்த 'ஏர்ப்ளேன்' என்ற நகைச்சுவைப் படத்தில், ஓட்டுநர் இறங்கிப் போய்விட்ட டாக்சியில் மீட்டர் ஓட ஓடக் காத்திருக்கும் பயணி இவர்தான்!

சட்டம் சொன்னது இதுதான். மாநிலச் சராசரியில் இரண்டரை சதவீதத்துக்கும் மேல் இருந்த வரி ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மதிப்பு 1975-76 நிலைக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறினால்தான் புது மதிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1975-இல் 50,000 டாலர் மதிப்புள்ள வீடு 2020-இல் வரிக் கணக்கில் சுமார் 1,22,000 டாலர்; அடிப்படை வரி 1,220 டாலர். பக்கத்து வீட்டை அதே 2020-இல் 15 லட்சத்துக்கு வாங்கியவருக்கு 15,000 டாலர்.

வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்று குடித்தனக்காரர்களிடம் சொல்லியிருந்தார் ஜார்விஸ். குறையவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸிலும், மறு ஆண்டு சாண்டா மோனிகாவிலும் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. கிழவிக்காக வந்த சலுகை கம்பெனிகளுக்கும் கிடைத்தது. கிழவி ஒருநாள் கண்ணை மூடுவாள். கம்பெனிக்குச் சாவு இல்லை. அதன் பங்குகளில் பாதிக்கு மேல் ஒரே கைக்குப் போகாதவரை நிலத்துக்குப் புது மதிப்பும் இல்லை.

உள்ளாட்சிகளின் சொத்து வரி வருமானம் ஒரே அடியில் பாதிக்கும் கீழே போனது. தேர்தலுக்கு முன் எதிர்த்த ஆளுநர் ஜெர்ரி பிரவுன், முடிவு வந்ததும் மாநில உபரியை எடுத்துப் பங்கு போட்டுக் கொடுத்தார். பணம் எங்கேயோ அதிகாரமும் அங்கே. கவுன்டிகளும் பள்ளிகளும் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவைப் பார்த்துக் கையேந்தின. நகரங்கள் வேறு வழி தேடின: விற்பனை வரியில் பங்கு தரும் கார் ஷோரூமும் வணிக வளாகமும் வரட்டும், வீடுகள் மெதுவாக வரட்டும். குடியிருப்பு கட்டினால் தெருவும் மற்ற வசதிகளும் செய்து தர வேண்டும், வரியோ சொற்பம். இன்றைய வீட்டுப் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. என் கணக்கில் இது முன்வரிசையில் நிற்கிறது.

அக்கம்பக்கத்தாரைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வரி கட்டிய ஒரு பெண் வழக்குப் போட்டார். 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்று சட்டத்தின் பக்கம் நின்றது. கடை, தொழிற்சாலைகளுக்கு மட்டுமாவது சந்தை மதிப்பில் வரி போடலாமா என்று 2020-இல் மக்களிடமே கேட்டார்கள். 52 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

வாடகைக் கட்டுப்பாட்டை விரிவாக்கும் யோசனையையும் 2018, 2020, 2024 என மூன்று முறை அதே மாநிலம் தோற்கடித்தது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)