ஜவ்வாதுமலைச் சாமை: களத்துக்கும் கடைக்கும் நடுவே ஒரு மில்

ஜவ்வாதுமலையில் தேயிலை விளைவதில்லை. நீலகிரியின் உயரமும், ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்யும் மழையும் இந்த மலைக்கு வாய்க்கவில்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக விதைத்து வருவது சாமை. ஆனாலும், சிறு தேயிலை விவசாயிகளுக்கு வெளிநாட்டு உதவி எப்படிப் பயன்பட்டது, எங்கே பயன்படாமல் போனது என்று யாராவது கேட்டால், நீலகிரியோடு இந்த மலையில் உள்ள ஜமுனாமரத்தூரையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இரண்டு ஊர் விவசாயிகளும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். விளைந்ததை விற்கும் பொருளாக மாற்றித் தரும் இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதே அந்த இடம்.

முதலில் தேயிலைக் கணக்கைப் பார்த்துவிடலாம். கிள்ளிய கொழுந்து காத்திருக்காது. அன்றன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கெட்டுவிடும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் சொந்தமாகத் தொழிற்சாலை கட்ட முடியாது. எனவே பக்கத்துத் தொழிற்சாலை சொன்னதுதான் விலை.

இந்த முடிச்சை அவிழ்த்த நாடு என்று வழக்கமாகச் சொல்லப்படுவது கென்யா. 1964-இல் அங்கே தொடங்கப்பட்ட தேயிலை வளர்ச்சி ஆணையத்துக்கு உலக வங்கியும் பிரிட்டனின் காமன்வெல்த் வளர்ச்சிக் கழகமும் கடன் கொடுத்தன. அந்தப் பணத்தில் நாற்றும் சாலையும் கொழுந்து சேகரிக்கும் நிலையங்களும் வந்தன, தொழிற்சாலைகள் எழுந்தன. பிற்பாடு அவற்றின் பங்குகள் விவசாயிகள் கைக்கே போயின. இன்று 6 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் அந்த அமைப்புக்குக் கொழுந்து போடுகின்றன. மாதாமாதம் ஒரு தொகை, ஆண்டு முடிவில் தேயிலை விற்ற விலையைப் பொறுத்து இன்னொரு தொகை என இரண்டு தவணையாகப் பணம் வருகிறது. அங்கேயும் நிர்வாகத்தின் மீது புகார்கள் உண்டு. ஆனால் கொழுந்து போடுபவருக்கு விற்ற விலையில் பங்கு உண்டு என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது.

நமக்கும் அந்த யோசனை புதிதல்ல. குந்தாவில் தொடங்கி நீலகிரியில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் 1960-களிலேயே வந்துவிட்டன. அவற்றின் இணையமான இன்ட்கோசர்வ் 1965-இல் அமைந்தது. விவசாயியே தொழிற்சாலையின் உறுப்பினர். அப்படியும் 2023-இல் கோத்தகிரி பக்கம் விவசாயிகள் பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தொழிற்சாலை கையில் இருந்தும் சந்தை கையில் இல்லாததன் விளைவு அது. நீலகிரித் தூளை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த சோவியத் ஒன்றியம் 1991-இல் உடைந்தது. 1990-களின் இறுதியில் விலை சரிந்தபோது கீழே விழுந்த குடும்பங்களில் பல இன்னும் நிமிரவில்லை. ஒரே வெளிநாட்டு வாடிக்கையாளரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை.

சாமை தேயிலைக் கொழுந்துக்கு நேர் எதிரான சுபாவம் கொண்டது. உமியோடு இருக்கும்வரை அது கெடாது. நன்றாகக் காயவைத்து வைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும். அறுவடைக்கு மறுநாளே விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி தானியத்துக்கு இல்லை, விவசாயிக்குத்தான் இருக்கிறது. கடையில் கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு, வீட்டில் ஒரு கல்யாணம் என்று ஏதாவது ஒன்று அறுவடை மாதத்தில் வந்து நிற்கும். அதனால் களத்திலேயே மூட்டை கைமாறி மலையடிவாரத்து வியாபாரியிடம் இறங்கிவிடுகிறது.

உமி என்னும் பூட்டு

ஆயிரம் சாமை மணிகளை நிறுத்தால் இரண்டு, இரண்டரை கிராம்தான் தேறும். அதே எண்ணிக்கை நெல் இருபது கிராமுக்கு மேல் இருக்கும். இத்தனூண்டு மணியை இறுகப் பிடித்திருக்கும் உமியைக் கழற்றுவதுதான் சாமையின் முழுத் தொல்லையும். கேழ்வரகுக்கும் கம்புக்கும் இந்தத் தொல்லை இல்லை, அப்படியே மாவாக்கலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கு உமி போயாக வேண்டும்.

இந்த வேலை காலங்காலமாகப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. காயவைத்த சாமையை உரலில் போட்டு உலக்கையால் குத்துவார்கள். முறத்தில் புடைத்து உமியைப் பறக்கவிட்டு, உமி போகாத மணிகளை மறுபடி உரலில் போட்டு மறுபடி குத்துவார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு பாடு. ரேஷன் கடையில் அரிசி கிடைக்கத் தொடங்கியதும் சாமைச் சோறு அடுப்பிலிருந்து இறங்கியதற்கு நாகரிக மோகம் என்று சிலர் காரணம் சொல்கிறார்கள். உலக்கை பிடித்த கைகளைக் கேட்டால் வேறு காரணம் தெரியும்.

நெல் அரைக்கும் மில்லில் சாமையைப் போட்டால் காரியம் ஆகாது. ரப்பர் உருளைகளின் இடைவெளியில் மணி நழுவிவிடும், இல்லையென்றால் நொறுங்கிவிடும். சரியான ஆலைகள் பெருமளவில் இருந்த இடம் மகாராஷ்டிரத்தின் நாசிக். தமிழ்நாட்டில் விளைந்த சாமை லாரியேறி அங்கே போய், அரிசியாகித் திரும்பி வந்து சென்னைக் கடைகளில் விற்கும். இந்தப் போக்குவரத்துக் கூலி, தரகு எல்லாம் யார் தலையில் விழுந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

கனடா எங்கே வந்தது?

2011-இல் கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையமும் கனடா அரசும் தந்த நிதியில் தெற்காசியச் சிறுதானியங்களுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. மதுரையில் இருந்து இயங்கும் தானம் அறக்கட்டளை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் மென்னனைட் பல்கலைக்கழகம், நேபாளத்தின் லீ-பேர்ட் அமைப்பு என்று பலர் சேர்ந்திருந்தார்கள். இந்தியா, நேபாளம், இலங்கை என மூன்று நாடுகளில் பல இடங்களில் வேலை நடந்தது. அந்த இடங்களில் ஒன்று ஜவ்வாதுமலை, பயிர் சாமை.

இத்தகைய திட்டங்களில் பயிற்சி முகாம், கையேடு, கண்காட்சி எல்லாம் இருக்கும், இதிலும் இருந்தன. அவற்றில் பாதியைக் காலம் விழுங்கியிருக்கும். சொல்லத் தகுந்தவை இரண்டு. ஒன்று, எந்த ரகம் நல்லது என்பதை ஆராய்ச்சி நிலையம் தீர்மானித்துக் கொடுக்காமல், பல ரகங்களை விவசாயிகளின் நிலத்திலேயே அருகருகே விதைத்து அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. மணி எடை மட்டும் பார்ப்பவர் விஞ்ஞானி. மாட்டுக்கு எவ்வளவு தாள் கிடைக்கும், சோறு எப்படி இருக்கும் என்றெல்லாம் பார்ப்பவர் விவசாயி.

இரண்டாவது, இயந்திரம். 2014-இல் முதல் திட்டம் முடிந்தபின், 2016 முதல் 2018 வரை நடந்த அடுத்த கட்டம் முழுக்க அறுவடைக்குப் பிந்தைய வேலையில் கவனம் வைத்தது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து உமி நீக்கும் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தின. தத்துவம் எளிது. மணிகளை உருளைகளுக்கு நடுவே நசுக்காமல், வேகமாகச் சுழலும் தட்டிலிருந்து வீசிச் சுவரில் மோதவிட்டால் உமி வெடித்துப் பிரியும். வேகம் கூடினால் நொய்யாகும், குறைந்தால் உமி போகாது. அந்த அளவைக் கண்டுபிடிப்பதில்தான் பொறியாளர்களின் உழைப்பு. நாசிக் ஆலைபோல் பெரிதாக இல்லாமல், ஒரு கிராமக் குழு வைத்து நடத்தும் அளவில் இயந்திரங்கள் வரத் தொடங்கின. இன்று கோவைப் பட்டறைகளில் இருந்து இவற்றை வாங்க முடிகிறது.

இதே காலத்தில் உள்நாட்டு வேலையும் நின்றுவிடவில்லை. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையம் 2019-இல் ஏ.டி.எல்.1 என்ற சாமை ரகத்தை வெளியிட்டது. ஜமுனாமரத்தூரில் பழங்குடி விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம் உருவாகி, சாமையை மலையிலேயே அரிசியாக்கி விற்கும் நிலை வந்தது. வெளிநாட்டு நிதி போட்ட விதையை மாவட்ட நிர்வாகமும் விவசாயிகளும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும். இரண்டும் ஒரே திசையில் நடந்தன என்பதே சரி.

ரோமில் எழுதும் தரம், ரோட்டில் அடிக்கும் கதிர்

2021 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை, இந்தியா முன்மொழிந்து 70-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்த தீர்மானத்தின்படி, 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தேயிலைக்கு இப்படி ஒரு நாள் முன்பே கிடைத்திருந்தது. 2020 முதல் மே 21 உலகத் தேயிலை தினம். நாளும் ஆண்டும் கொண்டாடுவதால் கொழுந்து விலை ஏறியதாக நீலகிரியில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

ஆனால் அந்தக் கொண்டாட்டத்தின் ஓரத்தில் நடந்த ஒன்று கவனிக்க வேண்டியது. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 15 வகைச் சிறுதானியங்களுக்குத் தர அளவுகளைக் கொண்டுவந்தது. ஈரப்பதம், அயல்பொருள், உடைந்த மணி எவ்வளவு இருக்கலாம் என்று அது வரையறுக்கிறது. அந்த ஆண்டு இறுதியில் ரோமில் கூடிய கோடெக்ஸ் உணவுத் தர ஆணையமும் உலக அளவில் இத்தகைய தரம் வகுக்கும் இந்திய யோசனையை ஏற்றது. நல்ல காரியம்தான். ஆனால் களம் இல்லாததால் தார்ச்சாலையில் கதிரைப் பரப்பி வண்டிச் சக்கரத்தில் அடிக்கும் சாமையில் கல்லும் மண்ணும் சேராமல் எப்படி இருக்கும்? கல் நீக்கும் இயந்திரமும் சிமென்ட் களமும் ஊருக்கு ஊர் இல்லாவிட்டால், புதிய தரம் வியாபாரிக்கு விலையைக் குறைக்க இன்னொரு சாக்காகிவிடும்.

விலைக்கு வேறு பாதுகாப்பும் இல்லை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கின்றன, சாமை இல்லை. சத்தீஸ்கர் அரசு சாமைக்கும் வரகுக்கும் குவிண்டால் 3,000 ரூபாய் அளவில் விலை வைத்துக் கொள்முதல் தொடங்கியது. தமிழ்நாடு அதைப் பார்த்துச் செய்ய ஒன்றும் தடையில்லை.

இனி என்ன கேட்கலாம்?

மூன்றாண்டுத் திட்டங்களுக்கு இயந்திரம் வாங்கித் தருவது சுலபம். திறப்பு விழாப் படமும் கிடைக்கும். அறுவடை மாதத்தில் மூட்டைகளை வாங்கி வைக்கச் சுழல்நிதி தருவதுதான் கஷ்டம். அது இல்லாததால் பல உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயந்திரம், ஓட்டத் தானியம் இல்லாமல் வருடத்தில் பல மாதம் தூங்குகிறது. கென்யாவின் இரண்டு தவணை முறை இங்கே தேயிலையைவிடச் சாமைக்கே அதிகம் பொருந்தும். களத்தில் பாதிப் பணம், அரிசியாகி விற்றபின் மீதி. தானியம்தான் காத்திருக்கக் கூடியதாயிற்றே. அரிசியாக்கிய சாமை மட்டும் சீக்கிரம் காறல் வாடை அடித்துவிடும் என்பதால் உமியோடு இருப்பு வைத்து, ஆர்டர் வர வர அரைக்க வேண்டும். அதற்கு முதல் தவணைக் காசு கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதியோ நபார்டோ, அடுத்து யார் வந்தாலும் ஜவ்வாதுமலை கேட்க வேண்டியது இதைத்தான்.

வாங்குபவருக்கு ஐரோப்பா வரை போகவும் வேண்டாம். சோவியத் கதை நீலகிரியில் போதுமான அளவு நடந்துவிட்டது. ஜவ்வாதுமலை முழுக்க அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே சமையலுக்கு அரிசி கீழிருந்து மலையேறுகிறது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் விளைவித்த சாமை மலையிறங்குகிறது. வாரத்தில் இரண்டு நாள் அந்த விடுதிகளுக்குச் சாமை அரிசி என்று ஓர் அரசாணை போட்டால், உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு வருடம் முழுக்க நிலையான ஒரு வாடிக்கையாளர் கிடைப்பார். அதை வைத்துத்தான் வங்கியிடம் சுழல்நிதிக் கடனே கேட்க முடியும்.