ஊசி மருந்தும் உலர்ந்த நாக்கும்

சென்ற ஆண்டு வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்த என் சித்தப்பா வாசலிலேயே சுருண்டு விழுந்தார். வாயில் நுரை; உடலெல்லாம் வியர்வை; கண்மணிகள் கடுகளவாய்ச் சுருங்கியிருந்தன. மருத்துவமனையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். ஆனால் மறுநாள் அவர் நாக்கு வறண்டு, கண்மணிகள் விரிந்து, காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தார். "புத்தி பேதலித்துவிட்டதே!" என்று சித்தி அழுதார். "அது மருந்து செய்யும் வேலைதான் அம்மா, சரியாகிவிடும்" என்றார் டாக்டர். (பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, ஊசியில் போடுவதும் மருந்து, எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்!) அது என்ன வேலை என்று விஞ்ஞானம் கற்பிக்கும் சிஸ்டரிடம் கேட்டேன்.

தோழியரே, இதயத்துடிப்பு, உமிழ்நீர், வியர்வை ஆகியவை நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. தானியங்கு நரம்பு மண்டலமே அவற்றை நடத்துகிறது. அதில் பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தும். பரீட்சை மண்டபத்தில் நாம் உணர்வது அதைத்தான். எதிர்ப்பரிவு நரம்புகள் இதயத்தை நிதானப்படுத்தி, உமிழ்நீரைப் பெருக்கும்.

நரம்பு உறுப்புக்கு எப்படிக் கட்டளையிடுகிறது? ஆஸ்திரியாவில் ஆட்டோ லோவி என்பவர் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவாயிற்று. அந்த இதயத்திலிருந்த உப்புநீரை இன்னொரு இதயத்தில் விட்டதும் அதுவும் மெதுவாயிற்று! நரம்பு நுனியில் ஒரு ரசாயனம் சுரக்கிறது என்று 1921-ல் அவர் வெளியிட்டார். அதுவே அசிட்டைல்கோலின். 1936-ல் ஹென்றி டேலுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சோதனை கனவில் தோன்றியது என்று அவரே கூறியிருக்கிறார்.

வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே சிதைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் என்னும் பூச்சிமருந்து தோல் வழியாகவும் உடலில் ஏறி அந்த நொதியை முடக்குகிறது. பிறகு கட்டளை ஓய்வதே இல்லை. நுரையீரலிலும் நீர் சுரந்து மூச்சு முட்டுகிறது.

சித்தப்பாவுக்குப் போட்டது அட்ரோபின். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அசிட்டைல்கோலின் அமரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நஞ்சை அது அகற்றுவதில்லை. தசைகளின் தளர்ச்சியையும் தீர்ப்பதில்லை. நுரையீரல் உலரும்வரை திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் மிஞ்சினால் பிதற்றல் வரும். வேலியோரத்து ஊமத்தையிலும் அட்ரோபின் உண்டு; அதன் விதையைத் தின்றவர் படும் பாடும் இதுவே. சித்தப்பாவுக்கு ஏற்றிய அளவை நல்ல உடம்பில் ஏற்றினால் அதுவே விஷம்.

மூன்றாம் நாள் அவர் சித்தியைப் பெயர் சொல்லி அழைத்தார். இப்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் மருந்தடிக்கப் போவதில்லை. அந்தச் சட்டையைத் துவைக்கும் சித்திக்கும் ஒரு ஜோடி கையுறை வாங்கி வைத்திருக்கிறார்.